போகிக்கு வைத்த காகிதம்

பட்டா, பத்திரம், பாகப்பிரிவினை என்று பென்னலூரில் யாருக்கு என்ன தகராறு வந்தாலும் முதலில் தாண்டவராயன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவருக்குப் படிப்பு அதிகம் கிடையாது. கையெழுத்துப் போடுவார், பஸ் முகப்பில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டுவார், அவ்வளவுதான். ஆனால் காகிதத்தை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று அவரைப்போலத் தெரிந்தவர் ஏரிக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது ஊராரின் எண்ணம். அவருடைய எண்ணமும் அதுவேதான். வீட்டில் மனைவி அம்சவல்லி பெட்டியை மேலாகத் துடைக்கும்போதெல்லாம் பாடம் நடத்துவார். முத்திரை குத்திய காகிதம் சொத்து, முத்திரை இல்லாத காகிதம் வெல்லம் மடிக்க. இதை அவர் சொல்லிச் சொல்லி, எழுத்து வாசனையே இல்லாத அம்சவல்லிக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். தாண்டவராயன் விழுந்ததும் அப்படித்தான்.

அவருடைய முதல் மனைவி செல்லம்மாள் பிள்ளை பெறாமலே போய்ச் சேர்ந்தாள். அதற்கு அடுத்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், அவருக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆள் தேறமாட்டார் என்ற நிலைமை. அண்ணன் நாகப்பனின் மகன் கன்னியப்பன் அப்போது இளவட்டம். தகப்பனை இழந்து, இவர் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். எனக்குக் கொள்ளி வைக்கப்போகிறவன் அவன்தானே, மண்ணும் அவனுக்கே போகட்டும் என்று வீடு, நிலம், கிணறு அத்தனையும் அவன் பேருக்கு உயில் எழுதினார். ஸ்ரீபெரும்புதூரில் பதிவும் ஆயிற்று. பின்பக்கம் வட்டமாக முத்திரை, பக்கத்தில் இவருடைய கட்டைவிரல் ரேகை. அந்தக் காகிதத்தை மஞ்சள் பட்டுத்துணியில் சுற்றி, கற்பூரம் போட்டுத் தகரப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார். அந்தச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது.

அப்புறம் காமாலை இறங்கிவிட்டது. இறங்கினதோடு நிற்காமல் ஆளுக்குத் தெம்பும் வந்துவிட்டது. ஒற்றை ஆளாகப் பொங்கித் தின்ன முடியவில்லை என்று, வல்லக்கோட்டையிலிருந்து அம்சவல்லியைக் கட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கும் கன்னியப்பனுக்கும் ஒரே வயது. அவளைப் போய்ச் சின்னம்மா என்று கூப்பிட அவன் கூச்சப்பட்டதை ஊரே வேடிக்கை பார்த்தது. தாத்தா ஆகவேண்டிய வயதில் தாண்டவராயன் தகப்பனும் ஆனார். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பெண் குழந்தைக்கு இந்திராணி என்று பேர் வைத்தார்கள்.

ஆக வீட்டில் மனைவி இருக்கிறாள், குழந்தை இருக்கிறது. பெட்டியில் இருக்கும் உயிலில் இரண்டு பேருமே இல்லை. அவர் கண்ணை மூடினால் அந்த இரண்டு ஜீவனும் நடுத்தெரு. இது தாண்டவராயனுக்குத் தெரியாததல்ல, நன்றாகவே தெரியும். மாற்றி எழுதவேண்டும் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தார். நினைப்பதில் அவருக்குக் குறையே இல்லை.

ஆடியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது. புரட்டாசி பெருமாள் மாதம். ஐப்பசியில் மழை. மார்கழி பீடை. தையில் அறுப்பு வேலை, தலை நிமிர நேரமில்லை. அறுப்பு முடிவதற்குள் கன்னியப்பன் பொங்கலுக்குக் கரைபோட்ட புது வேட்டி எடுத்துக்கொண்டு வந்து காலில் விழுந்திருப்பான். வாங்கிக் கட்டிக்கொண்ட வேட்டியின் மடிப்பு கலைவதற்குள் அவன் பேரை அடிப்பதா என்று மனசு கூசும். உயிலைத் தொட்டுத் தொட்டு எழுதினால் எமனுக்கு வீட்டு அடையாளம் சொல்லிக்கொடுத்த மாதிரி என்ற பயம் வேறு. இப்படியே வருஷங்கள் ஓடின.

கடைசியில் அவரைக் கிளப்பிவிட்டது கன்னியப்பனேதான். அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தவன், ஒரு நாள் ஷிப்ட் முடிந்த கையோடு பேன்ட் போட்ட ஒருவரை அழைத்து வந்தான். ரோட்டுப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றனவாம், சும்மா பார்க்க வந்தாராம். சும்மா பார்க்க வந்தவர் வரப்பு வரப்பாக நடந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, தென்னையை எண்ணிவிட்டுப் போனார். தாண்டவராயன் அன்று சாப்பிடவில்லை. உயிரோடு இருக்கும்போதே தன் நிலத்தை இன்னொருவர் அளப்பதைப் பார்த்த ஆத்திரம் அவருக்கு அடங்கவே இல்லை.

கார்த்திகை மாதம் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய், பதிவு ஆபீஸ் எதிரில் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் பத்திரம் எழுதும் தணிகாசலத்திடம் புது உயில் எழுதிக்கொண்டார். வீடும் கிணற்று நிலமும் அம்சவல்லிக்கும் இந்திராணிக்கும். ஏரிக்கரை ஓரத்துக் கழனி மட்டும் கன்னியப்பனுக்கு. வளர்த்த பிள்ளையை வெறுங்கையோடு விட அவருக்கு மனசு வரவில்லை. தணிகாசலமும் பக்கத்து டீக்கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும் என்றார் தணிகாசலம். இதை எழுதியதுமே பழையது செத்துவிட்டது, ஆனாலும் கையோடு பதிவு பண்ணிவிடுங்கள் என்றும் சொன்னார். இன்னொரு பிரதி எழுதி வைக்கட்டுமா என்றும் கேட்டார்.

ஒன்றே போதும் என்றார் தாண்டவராயன். இரண்டு இருந்தால் ஒன்று ஊர் சுற்றும் என்பது அவர் கணக்கு. பதிவையும் அன்றைக்கு வேண்டாம் என்றுவிட்டார். ஆபீஸ் வாசலில் கன்னியப்பனுக்குத் தெரிந்த முகங்கள் நாலு நின்றுகொண்டிருந்தன. விஷயம் பொங்கலுக்கு முன்னால் அவன் காதுக்குப் போனால் பண்டிகை பண்டிகையாக இருக்காது. தை பிறந்தால் வழி பிறக்கும், அப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டார். இடுப்பிலிருந்த காகிதம் ஈரத்தில் ஊறி, மடிப்பில் நைந்து, ஓரத்தில் மை கசிந்திருந்தது. எழுத்துக்குப் பழுதில்லை என்று பார்த்துவிட்டு, வெளியே போயிருந்த அம்சவல்லி திரும்புவதற்குள் அடுப்பங்கரையில் உலர்த்தி, தகரப் பெட்டியில் பழைய உயிலுக்கு மேலே வைத்தார். பத்து வருஷத்துக்கு மேலான உயில் பட்டுத்துணிக்குள் புத்தம் புதிதாக இருந்தது. பத்து நாள்கூட ஆகாத உயில் பாட்டன் காலத்துக் காகிதம் மாதிரி பழுப்பேறிக் கிடந்தது.

அன்றைக்கே பழையதை அடுப்பில் போட்டிருக்கலாம். யாருக்கு எது என்று அவர் எழுதி வந்ததைக் கேட்டுக்கொண்ட அம்சவல்லியும் அதைத்தான் சொன்னாள். சர்க்கார் முத்திரை போட்ட காகிதத்தை விறகோடு விறகாக அடுப்பில் வைக்க அவருக்குக் கை வரவில்லை. எதற்கும் ஒரு முறை உண்டு, பழையதைக் கழிப்பதற்கென்றே போகி இருக்கிறது என்றார்.

"ரெண்டு காகிதம் உள்ள கீது. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. போகி அன்னிக்குப் பழச நெருப்புல போட்டுடணும். ஊர்ல ஒருத்தருக்கும் மூச்சு வுடாத."

எது எது என்று அவள் கேட்டாள். அது எனக்குத் தெரியும், நான்தானே போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பெட்டியைத் திறந்து காட்ட எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் காகிதத்தைக் காட்டிக்காட்டி விளக்கியவர், கட்டியவளுக்கு அன்று காட்டவில்லை.

மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை பம்புசெட்டைப் போட்டுவிட்டு வாய்க்காலில் முகம் கழுவக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். தூக்கியவன் கன்னியப்பன்தான். லீவு போட்டுவிட்டு ஓடிவந்து, சித்தப்பாவைத் தோளில் சுமந்து மாடிப்படி ஏறினான். அதை மறைக்கக்கூடாது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் குன்றத்தூர் வைத்தியர் தைலம் கொடுத்தார். புறாக்கறி ஆக்கிக் கொடுக்கச் சொன்னார்கள், அதையும் கொடுத்துப் பார்த்தார்கள். இடது கையில் இரண்டு விரல் லேசாக அசைந்ததோடு சரி.

உள்ளே அறிவு மட்டும் பழுதில்லாமல் இருந்தது. அதுதான் கொடுமை. கூப்பிட்டால் தெரிகிறது, சொன்னால் புரிகிறது, பதில் தொண்டை வரைக்கும் வருகிறது, வாயில் கொழகொழவென்று ஏதோ சத்தமாகிக் கரைந்துபோகிறது. தன்னையே யாரோ பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டது போல இருந்தது அவருக்கு.

வழி கண்டுபிடித்தவள் அம்சவல்லி. கெட்டிக்காரி. கண்ணை மூடினால் ஆமாம், அகல விழித்தால் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். தண்ணியா என்பாள், மூடுவார். பசியா என்பாள், விழிப்பார். புரட்டிப் படுக்கவைக்கட்டுமா என்பாள், மூடுவார். இந்திராணிகூட இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவைக் கேள்வி கேட்பாள். குடித்தனம் இந்த இரண்டு பதிலில் நடந்தது. தணிகாசலம் ஒரு முறை பார்க்க வந்து, எழுந்து உட்கார்ந்ததும் ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு நடை அழைத்து வா என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். தாண்டவராயனும் அதையே நம்பிப் படுத்திருந்தார். எழுந்திருக்காவிட்டாலும் பாதகமில்லை, புது உயில் பெட்டியில் இருக்கிறது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே நிம்மதி.

போகி வந்தது. விடிவதற்கு முன்பே தெருவில் பிள்ளைகள் தப்பட்டம் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அம்சவல்லி வாசலில் பழைய பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம் எல்லாவற்றையும் குவித்துப் பற்றவைத்தாள். அவர் படுத்திருந்த கயிற்றுக்கட்டில் வாசற்கதவுக்கு நேரே இருந்ததால் எல்லாம் தெரிந்தது. நோயாளி படுத்திருந்த கோரைப்பாயையும் அதில் போட்டாள், பீடை அதோடு ஒழியட்டும் என்று. ஈரம் ஊறிய பாய், எரியாமல் புகைந்தது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து தகரப் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்து, அவர் இடுப்புச் சாவியால் திறந்தாள். அவர் சொன்ன காரியத்தை அவள் மறக்கவில்லை. புருஷன் படுத்துவிட்டான் என்று அவன் வார்த்தையையும் படுக்கப்போட்டுவிடுகிற பெண் அல்ல அவள். இரண்டு காகிதத்தையும் எடுத்தாள். பட்டுத்துணியைப் பிரித்துப் பார்த்தாள், வட்டமான முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். மற்றதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் முத்திரையே இல்லை.

தாண்டவராயனின் பார்வை அவள் இரண்டு கைகளுக்கும் இடையே ஓடியது.

"தோ பாருங்க. இது கசங்கி, மை கலைஞ்சு, முத்திரைகூட இல்லாம கீது. இதானே பழசு? இதத்தானே கொளுத்தச் சொன்னீங்க?"

கசங்கிய காகிதத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படவில்லை, தானாக முடிவு செய்யவும் இல்லை. இதைவிட ஒழுங்காக யார் கேட்பார்கள்?

அவர் விழித்தார். இமை கிழிந்துவிடும் போல விழித்தார். இல்லை, இல்லை, அது உன் சோறு, குழந்தையின் சோறு. இடது கை விரல் இரண்டும் கயிற்றைப் பிறாண்டின. அவள் முகத்தில் ஒரு சந்தேகம் படர ஆரம்பித்ததையும் பார்த்தார். அந்தச் சமயம் வாடைக்காற்று திரும்பியது. வாசலில் புகைந்துகொண்டிருந்த பாய்ப்புகை அத்தனையும் கதவு வழியாக உள்ளே வந்து அவர் முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. நீர் முட்டியது. மூடாதே, மூடாதே என்று உள்ளே கதறினார். இமை அவர் பேச்சைக் கேட்கவில்லை. வலது கை எப்படிக் கேட்காதோ, நாக்கு எப்படிக் கேட்காதோ, அப்படியே அதுவும் கேட்கவில்லை. இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன.

அவர் மறுபடி கண்ணைத் திறந்தபோது அம்சவல்லி வாசலில் நெருப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் காகிதம் இல்லை.

திரும்பி வந்தவளுக்கு அவர் அழுவது தெரிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். இத்தனை வருஷம் மனசை அரித்துக்கொண்டிருந்தது போய்விட்டது, இனி நிம்மதியாக இருங்கள் என்று சொல்லித் தானும் அழுதாள். முத்திரை போட்ட உயிலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மறுபடியும் பட்டுத்துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். அன்றைக்கு அவள் எத்தனையோ கேள்வி கேட்டாள். தண்ணியா, வலியா, குளிருதா, வெளியில் தூக்கி வைக்கவா. எல்லாவற்றுக்கும் விழித்தார். காகிதத்தைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை. அவளுக்கு அதில் கேட்க ஒன்றுமே பாக்கியில்லை. கேட்காத கேள்விக்கு எந்தக் கண்ணால் பதில் சொல்வது? தணிகாசலம் வருவார், டீக்கடைக்காரர் வருவார் என்று கொஞ்ச நேரம் மனசு அலைந்தது. பிறகு அதுவும் அடங்கியது. காகிதமே இல்லாதபோது சாட்சி எதற்குச் சாட்சி சொல்வான்? அடுத்தவருக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கே பழகின சட்டம் அது.

காணும் பொங்கலன்று கன்னியப்பன் வந்தான். வழக்கம்போலக் கரைபோட்ட வேட்டி, கரும்பு, இந்திராணிக்குப் பாவாடைத் துணி. சித்தப்பாவின் வாயில் ஒழுகியதைத் துடைத்துவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து கால் பிடித்தான். பிறகு மெதுவாகப் பேச்சை எடுத்தான். அந்தக் கம்பெனி ஆள் நல்ல விலை சொல்கிறாராம். சித்தப்பா எப்படியும் எல்லாவற்றையும் தன் பேருக்குத்தான் எழுதி வைத்திருக்கிறார், காலம் வரும்போது நிலத்தைக் கொடுத்துவிடலாம், சின்னம்மாவையும் குழந்தையையும் தான் கைவிட்டுவிட மாட்டான். ஒரு வேளைச் சோறு தன் வீட்டில் போடமாட்டானா என்றான்.

ஒரு வேளைச் சோறு என்ற வார்த்தையில் அம்சவல்லிக்குப் பற்றிக்கொண்டது. ஒருவருக்கும் மூச்சு விடாதே என்ற கட்டளையெல்லாம் பறந்துபோயிற்று. விடுவிடென்று போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து காகிதத்தை எடுத்து வந்தாள்.

"அவுரு மாத்தி எழுதியாச்சு. வூடும் கிணத்து நெலமும் எனக்கும் கொயந்தைக்கும். ஏரிக்கரை கயனிதான் உனுக்கு. பழச போகில போட்டுக் கொளுத்தியாச்சு. இன்னா, நம்ப மாட்டியா? நீயே படிச்சுப் பாரு."

கன்னியப்பன் முகம் கறுத்தது. காகிதத்தை வாங்கிப் பிரித்தான். தாண்டவராயன் கட்டிலில் கிடந்தபடி அவன் கண் வரிவரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் அந்தக் கண் நின்றது. மறுபடி மேலே போயிற்று. பின்பக்கம் திருப்பி முத்திரையைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான். அவன் கூடவே நின்று எழுதின காகிதம், அவனுக்கு அடையாளம் தெரியாதா? நிமிர்ந்து சின்னம்மாவைப் பார்த்தான். அவள் இடுப்பில் கைவைத்து வெற்றியோடு நின்றிருந்தாள். அப்புறம் சித்தப்பாவைப் பார்த்தான்.

ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தார்கள். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று இவருக்குப் புரிந்தது. சொல்லுடா, நான் ஊட்டின சோறு உன் உடம்பில் இருக்கிறது, சொல்லு என்று தாண்டவராயன் தன் உயிர் முழுவதையும் அந்தப் பார்வையில் வைத்துக் கேட்டார். கன்னியப்பனுடைய உதடு ஒரு தடவை அசைந்தது. ஒரு நிமிஷம் அவன் சொல்லிவிடுவான் போலத்தான் இருந்தது.

அவன் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, பட்டுத்துணியில் சுற்றி அவளிடம் நீட்டினான்.

"சித்தப்பா எழுதினா சரியாத்தான் இருக்கும், சின்னம்மா. பத்தரமா வெச்சுக்கோ. எவன் வந்து கேட்டாலும் கையில குடுக்காத."

அம்சவல்லி இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு நின்றவள் குழைந்துவிட்டாள். இவனைப் போய்த் தப்பாக நினைத்தேனே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கட்டிலருகே வந்து குனிந்தாள்.

"பாத்தீங்களா, கன்னியப்பனே ஒத்துக்கினான். இப்பவாவது மனசு ஆறுச்சா?"

தாண்டவராயன் கண்களை அகல விழித்தார். இந்தத் தடவை புகை இல்லை. எவ்வளவு விழிக்க முடியுமோ அவ்வளவு விழித்தார்.

"அழுவாத சித்தப்பா" என்றான் கன்னியப்பன். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவர் நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் மெதுவாகத் துடைத்தான். கண்மேல் வந்ததும் அவன் கை நின்றது. துண்டை எடுத்த பிறகும் உள்ளங்கை இமைகளின்மேல் ஆதரவாக அமர்ந்திருந்தது. அந்தக் கைக்குக் கீழே அவர் இமையைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை.

அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். விரல் இடுக்கில் இரண்டு கண்ணும் மூடியிருப்பது தெரிந்தது.

"ஆமான்றாரு" என்று சொல்லிவிட்டு, காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பத்திரமாக வைக்க உள்ளே போனாள்.